மூலம்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன்: பெருங்குடல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு வருடமாக மூலம் இருந்தது. அப்படித்தான் அவரும் சொன்னார், வீட்டில் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். பெரியம்மா துத்திக் கீரை வதக்கிக் கொடுத்தார். வாரம் தவறாமல் கருணைக்கிழங்கு மசியல், ராத்திரி இசப்கோல், சூடு தணிய எண்ணெய்க் குளியல். நடுவில் நான்கு டாக்டர்களிடம் காட்டினோம். களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தாவதாகப் பார்த்தவர்தான் கையுறை மாட்டிக்கொண்டு விரல் விட்டுப் பார்த்தார். ஆசனவாயிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உள்ளே கட்டி தட்டுப்பட்டது. அப்போது பெரியப்பாவுக்கு 58 வயது.

அந்த இரண்டு வருடத்தில் கண்ணெதிரே இருந்தும் எதையெல்லாம் விட்டோம் என்று பிற்பாடு உட்கார்ந்து யோசித்தபோது சேர்ந்தவை இவை. நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் எப்போது போக வேண்டும், எதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுவரைதான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலத்தில் ரத்தம் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருக்காது, மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பரிசோதித்துப் பார்த்தவர். நாமும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயமில்லை.

நம் ஊரில் அறிகுறிகளை நாமே கவனிப்பது இன்னும் முக்கியம். ஜப்பானில் 1992 முதல் 40 வயது தாண்டியவர்களுக்கு மலத்தைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் நடக்கிறது. சிங்கப்பூரில் 50 வயதான குடிமக்கள் மலப் பரிசோதனைப் பெட்டியை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். இந்தியாவில் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்குத்தான். குடல் அந்தப் பட்டியலில் இல்லை. யாரும் பெட்டி கொடுக்கப் போவதில்லை என்றால், நம் கண்ணும் நம் கணக்கும்தான் மிச்சம்.

குடலின் வலமும் இடமும்

அறிகுறிகளை மனப்பாடம் செய்வதைவிடக் குடலின் அமைப்பைப் புரிந்துகொண்டால் அவை தாமாகவே நினைவில் நிற்கும். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கி, மலக்குடலில் முடிகிறது.

வலப்பக்கம் குடல் அகலம், உள்ளே இருப்பதும் கூழ் மாதிரி. அங்கே கட்டி வளர்ந்தால் வெகுநாள் அடைப்பே வராது. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும், அது மலத்தோடு கலந்து நிறமே தெரியாமல் போய்விடும். அதனால் வலப்பக்கக் கட்டியின் முதல் அடையாளம் பெரும்பாலும் கழிப்பறையில் தெரியாது. சோர்வாக, ரத்தசோகையாக வரும்.

இடப்பக்கம் குடல் குறுகல், மலமும் கெட்டி. கட்டி வந்தால் போக்குவரத்து தடைபடும்: மலச்சிக்கல், இடையிடையே பேதி, வயிற்றுப் பிசைவு. மலக்குடலிலேயே வந்தால் ரத்தம் பளிச்சென்று தெரியும், போன பிறகும் போகாத உணர்வு இருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை பாலிப் எனப்படும் சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் ஆரம்பிக்கின்றன. பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போலப் பிடிக்கும். எல்லாப் பாலிப்பும் மாறுவதில்லை, ஆனால் எது மாறும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இந்தப் பத்து வருடம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

படி 1: தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பாருங்கள்

வெளிநாட்டு மருத்துவக் கையேடுகள் எல்லாவற்றிலும் ‘துடைக்கும் காகிதத்தில் ரத்தம் தெரிகிறதா’ என்று ஒரு கேள்வி இருக்கும். நமக்கு அது ஒத்துவராது. ஒரு மக் தண்ணீரில் கழுவிவிடுகிறோம். ரத்தம் இருந்தாலும் கையோடு போய்விடும். ஆகவே பீங்கானைத்தான் பார்க்க வேண்டும்.

பெரியப்பா வீட்டுக் கழிப்பறையில் ஜீரோ வாட்ஸ் பல்ப்தான் எரியும். பீங்கான் இளஞ்சிவப்பு. அவருக்கு ஒரு கண்ணில் கண்புரை வேறு. சொட்டுச் சொட்டாக ரத்தம் போனதை அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? ‘எப்பவாவது லேசாகப் போகும்’ என்பார். அந்த ‘எப்பவாவது’ உண்மையில் எத்தனை நாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல் காரியமாக அங்கே நல்ல வெளிச்சமுள்ள எல்இடி பல்ப் மாட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் மூன்று வாரம் ஒரு காலண்டரில் குறித்துவையுங்கள்: எத்தனை தடவை, கெட்டியா தண்ணியா, ரத்தம், சளி, வலி. ஐந்து நொடி வேலை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் சில சொட்டு ரத்தமே தண்ணீர் முழுவதையும் சிவக்க வைத்துவிடும், அளவைப் பார்த்து அரண்டுவிட வேண்டாம். முந்தின நாள் பீட்ரூட் பொரியலோ சிவப்பு டிராகன் பழமோ சாப்பிட்டிருந்தால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கருக்கும், அது இயல்பு. மாத்திரை போடாமலே தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுப்பாக, குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு போனால் அது செரித்த ரத்தம். பெரும்பாலும் இரைப்பை, முன்சிறுகுடல் பக்கத்திலிருந்து வருவது. அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

படி 2: எந்த மாதிரி ரத்தம்?

வெடிப்பு என்றால் வலி உயிர் போகும். போகும்போது கண்ணாடித் துண்டு கிழிப்பது போலிருக்கும், மலத்தின் மேல் ஒரு கோடாக ரத்தம் இருக்கும். உள்மூலம் என்றால் பெரும்பாலும் வலி இருக்காது. மலம் போன பிறகு சிவப்பாகச் சொட்டும் அல்லது பீய்ச்சும். சீதபேதி என்றால் காய்ச்சல், வயிற்று முறுக்கல், சளியும் ரத்தமும் கலந்து அடிக்கடி போவது, எல்லாம் திடீரென்று வந்து சில நாளில் மருந்துக்குக் கட்டுப்படும்.

குடல் கட்டியிலிருந்து வருவது பொதுவாக மலத்தோடு கலந்து, கொஞ்சம் மங்கின சிவப்பாக, சில சமயம் வழவழவென்ற சளியோடு வரும்.

புத்தகத்தில் இப்படிப் பிரித்துச் சொல்லிவிடலாம், நடைமுறையில் அவ்வளவு சுலபமில்லை. மலக்குடலின் கடைசிப் பகுதியில் இருக்கிற கட்டியும் மூலம் போலவே பளிச்சென்ற சிவப்பு ரத்தம்தான் விடும், வலியும் இருக்காது. போதாக்குறைக்கு, ஒருவருக்கு மூலமும் கட்டியும் சேர்ந்தே இருக்கலாம். பெரியப்பாவுக்கு உண்மையிலேயே மூலமும் இருந்தது. அதனால்தான் முதல் நான்கு டாக்டர்களும் அதற்கு மேல் தேடவில்லை. ஆகவே நிறத்தை வைத்து ‘இது அது இல்லை’ என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மூலத்துக்கு மருந்து எடுத்தும் சில வாரங்களில் ரத்தம் நிற்கவில்லை என்றால், அல்லது நின்று நின்று வந்தால், உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: வயிற்றின் வழக்கம் மாறிவிட்டதா?

ஒரு நாளைக்கு மூன்று தடவை போவதும் இயல்பு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை போவதும் இயல்பு. பார்க்க வேண்டியது உங்கள் வழக்கத்திலிருந்து விலகல். காலையில் காபி குடித்ததும் போய்க்கொண்டிருந்தவர் இப்போது நான்கு நாள் சிக்கல், பிறகு ஒரு நாள் பேதி, மறுபடி சிக்கல் என்று மூன்று வாரத்துக்கு மேல் அலைந்தால் காட்ட வேண்டும். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நாள் கலங்குவதெல்லாம் இதில் சேராது.

நிறையப் பேர் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற அறிகுறி ஒன்று உண்டு. போய்விட்டு வந்து உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் மறுபடி வருவது போல இருக்கும். போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது, அல்லது கொஞ்சம் சளி மட்டும் வரும். மலக்குடலில் இருக்கிற கட்டியை உடம்பு மலம் என்று நினைத்து வெளியே தள்ளப் பார்க்கிறது. பெரியப்பா காலையில் ஆறேழு தடவை கொல்லைப்புறம் நடப்பார். ‘வயசானா அப்படித்தான்’ என்று நாங்கள் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

மலம் பென்சில் மாதிரி மெலிந்து போவதைப் பற்றி இணையத்தில் ரொம்பவே பயமுறுத்துகிறார்கள். ஒருநாள் இருநாள் அப்படி இருந்தால் அர்த்தமில்லை. வாரக்கணக்கில் நீடித்து, கூடவே ரத்தமோ சிக்கலோ இருந்தால் அர்த்தமுண்டு.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். அந்த மாத்திரையே பலருக்குப் பேதியை உண்டாக்கும். மாத்திரை ஆரம்பித்த புதிதிலோ அளவைக் கூட்டியபோதோ வந்தால் அதன் வேலையாக இருக்கலாம். பல வருடம் ஒத்துப்போன மாத்திரைமேல் திடீரென்று பழி போடுவது சரியில்லை.

வயிறு உப்பிக்கொண்டு, மலமும் போகாமல் காற்றும் பிரியாமல், வாந்தியும் சேர்ந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கிற நேரம் இல்லை. ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படி 4: பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்களைத் தேடி எடுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான். வலப்பக்கக் கட்டி சத்தமே போடாது என்றேனே, அதன் ஒரே தடயம் பல சமயம் ஹீமோகுளோபின் எண்ணில்தான் இருக்கும்.

கணக்கு எளிது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பைத்தான் உறிஞ்சும். ஒரு டீஸ்பூன் ரத்தத்தில் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. தினமும் ஒரு டீஸ்பூன் குடலில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கையிருப்பு கரைந்துகொண்டே போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். சிலருக்கு ஐஸ் கட்டி, மண், பச்சரிசி இவற்றின்மேல் ஆசை வரும். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று வீட்டில் மிரட்டுவார்களே, அந்த ஆசைக்குப் பின்னால் பல சமயம் இரும்புக் குறைவு இருக்கிறது.

ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13-க்குக் கீழே, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஒரே ரிப்போர்ட்டைப் பார்ப்பதைவிட மூன்று வருட ரிப்போர்ட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 14.5, 13.4, 12.1 என்று இறங்கினால் அது ஒரு செய்தி. கூடவே ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னால் இரும்புக் கையிருப்பு தெரிந்துவிடும்.

இங்கே வழக்கமாக நடக்கிற தவறு: இரும்பு மாத்திரை எழுதுவார்கள், இரண்டு மாதத்தில் எண் ஏறும், எல்லோருக்கும் சந்தோஷம். தொட்டியில் ஓட்டை இருக்கும்போது மோட்டாரைப் போட்டு நிரப்புகிற வேலை அது. ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவால் ரத்தசோகை வந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று குடலைப் பார்த்தாக வேண்டும். மாதவிலக்கு இருக்கிற பெண்களிடம் எல்லாப் பழியும் அதன்மேலேயே விழும். போக்கு அதிகம் இல்லாமலே ரத்தம் குறைந்தால், வயிற்றுத் தொந்தரவும் சேர்ந்தால், அந்தப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

எடை குறைவதும் ஓர் அறிகுறிதான், ஆனால் பெரும்பாலும் தாமதமாக வருவது. காரணமே தெரியாமல் எடை இறங்கினாலும் நம்மில் பலர் நடைப்பயிற்சிக்குக் கிடைத்த பலன் என்று மகிழ்ந்துவிடுகிறோம்.

படி 5: வயது, குடும்பம்

‘எனக்கு முப்பத்தெட்டுதான் ஆகிறது’ என்பது ஒரு பதிலே இல்லை. ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு 2016-இல் நோய் தெரிந்தபோதே மூன்றாம் நிலை. 2020 ஆகஸ்டில் 43 வயதில் இறந்தார். அமெரிக்காவில் இளவயதில் கூடிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான், அறிகுறி இல்லாதவர்களும் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய வயதை 2021-இல் அங்குள்ள அரசுப் பரிந்துரைக் குழு 50-லிருந்து 45-ஆகக் குறைத்தது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதுக்குள் இந்த நோய் வந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசினார்கள். நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் முன்பே தலைகாட்டியவை நான்கு: வயிற்று வலி, ரத்தம் போவது, பேதி, இரும்புக் குறைவு ரத்தசோகை.

குடும்பத்தைப் பற்றி ஒரு பழைய கதை. 1895-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் ஊரில் ஒரு தையல்காரப் பெண், நோய்க்குறியியல் பேராசிரியர் ஆல்ட்ரெட் வார்தினிடம், ‘எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்’ என்றார். அவர் சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை 1913-இல் வெளியிட்டார். இன்று லிஞ்ச் நோய்க்குறி என்று அழைக்கப்படும் பரம்பரைக் கோளாறு இப்படித்தான் முதலில் பதிவானது. குடல் புற்றும் கருப்பைப் புற்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும் என்பது அதில் வருகிற பாடம்.

நம் வீடுகளில் இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் துப்பறிய வேண்டும். யாரும் புற்றுநோய் என்று சொல்ல மாட்டார்கள். ‘வயித்துல கட்டி’, ‘கர்ப்பப்பைல கோளாறு’, ‘ரத்தமா போய் செத்தாரு’ என்றுதான் வரும். ஒரு அத்தையையோ பாட்டியையோ பிடித்து உட்கார வைத்து யார், எந்த வயதில், எதனால் போனார்கள் என்று எழுதுங்கள். ரத்த சொந்தத்தில் மூன்று பேர், இரண்டு தலைமுறை, ஒருவராவது 50 வயதுக்குள் என்று அமைந்தால் மரபணு ஆலோசனை கேட்க வேண்டிய குடும்பம் அது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் வந்திருந்தால், அறிகுறியே இல்லாவிட்டாலும் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும்.

படி 6: டாக்டரிடம் என்ன சொல்வது

‘டாக்டர், மூலம் இருக்கு’ என்று ஆரம்பிக்காதீர்கள். நோயின் பெயரை நாமே சொல்லிக்கொண்டு போனால் மருந்தும் அதற்கே கிடைக்கும். ‘ஆறு வாரமாக ரத்தம் போகிறது, வாரத்துக்கு மூன்று நாள், மலத்தோடு கலந்து, ஹீமோகுளோபின் 14-லிருந்து 12 ஆகியிருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள், டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். காலண்டரையும் ரிப்போர்ட்களையும் காட்டுங்கள்.

விரல் விட்டுப் பார்க்கும் சோதனை ஒரு நிமிடம்கூட ஆகாது. டாக்டர் தானாகச் செய்யவில்லை என்றால் ‘உள்ளே பார்க்க வேண்டாமா’ என்று கேளுங்கள். பெண்கள் பெண் டாக்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூச்சத்தில் மறுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. பெரியப்பாவிடம் அந்த நான்கு பேரில் ஒருவராவது கேட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு.

அடுத்தது மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் ஃபிட் சோதனை. மனித ரத்தப் புரதத்தை மட்டும் பிடிப்பதால் முந்தின நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தாலும் பாதகமில்லை. பழைய முறையில் அந்தத் தொல்லை இருந்தது. ஆனால் ஃபிட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தும் அறிகுறி தொடர்ந்தால் அதோடு விடக்கூடாது. சிஇஏ என்ற ரத்தச் சோதனையைச் சிலர் தாமாகவே எடுத்துக்கொண்டு நிம்மதியடைகிறார்கள். நோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனிக்கத்தான் அது உதவும், ஆரம்பத்தில் கண்டுபிடிக்க உதவாது.

படி 7: கொலனோஸ்கோபி

சோதனையைவிட அதற்குக் குடலைக் கழுவுவதுதான் பாடு. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கீரை, தக்காளி, கொய்யா, மாதுளை, கேழ்வரகு எல்லாம் நிறுத்திவிட வேண்டும். வெள்ளைச் சோறும் இட்லியும் போதும். முந்தின நாள் இளநீர், வடிகட்டின ரசத் தெளிவு, பால் சேர்க்காத டீ. இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இன்சுலின் போடுபவர்கள் எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கழுவும் பொடியைப் பொதுவாக இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்வார்கள். உப்புக் கரிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து, எலுமிச்சை வாசனை காட்டிக் குடித்தால் இறங்கும். பின்புறம் எரியாமலிருக்க முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கடைசியில் போவது மலமாகவே இருக்காது, வெளிர்மஞ்சள் தண்ணீராக இருக்கும். அதுவரை வந்தால்தான் உள்ளே சரியாகத் தெரியும்.

மயக்கத்தில் அரை மணி நேரம் போல ஆகும். பாலிப் இருந்தால் கம்பி வளையத்தை மாட்டி அப்போதே அறுத்து எடுத்துவிடுவார்கள். கண்டுபிடிப்பதும் வராமல் தடுப்பதும் ஒரே வேலையாக முடிகிற இடம் இது. அன்று வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருவர் வேண்டும். செலவை நினைத்துத் தள்ளிப் போடுபவர்களுக்கு: சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் குடல்நோய்ப் பிரிவே இருக்கிறது. முடிவையும் வீடியோவையும் வாங்கி, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்கு நோய் தெரிந்த பிறகு, அவர் கூடப்பிறந்த தம்பி என்பதால் அப்பாவுக்கும் பார்க்கச் சொன்னார்கள். ‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே’ என்று ஒரு வருடம் இழுத்தார். கடைசியில் சம்மதித்து, சோதனைக்கு முந்தின ராத்திரி அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்பதாவது தடவையாகக் கழிப்பறைக்குப் போய் வந்தவர், ‘இதுக்கு அண்ணனோட கருணைக்கிழங்கே தேவலை’ என்றார். மறுநாள் இரண்டு பாலிப் எடுத்தார்கள்.